டோர்னக்கல் அத்தியட்சர் அசரியா

1912-ம் வருஷம் டிசம்பர் மாதம் 23-ந் தேதி டில்லி சாந்தினி சௌக்கில் வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு மீது வெடிகுண்டு எறியப்பட்டது. தேசமெங்கும் அதே பேச்சாயிருந்தது. அதற்கு ஆறு நாள் கழித்து, 29-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று, கல்கத்தா பரிசுத்த பவுல் பேராலயத்தில் வேறொரு சம்பவம் அமைதியாக நடந்தேறியது. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் கிராமத்தில் பிறந்த தமிழர் ஒருவர் அங்கே ஆங்கிலிக்கன் சபையின் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். துரைத்தனத்தாரின் சபையென்றே ஜனங்கள் எண்ணியிருந்த அச்சபையில் அதற்குமுன் எந்த இந்தியரும் அப்பீடத்தில் அமர்ந்ததில்லை. வெள்ளைக்காரக் குருமாரும் அடங்கி நடக்க வேண்டிய ஸ்தானம் அது. ஜில்லா கலெக்டர் பதவியில் ஓர் இந்தியர் அமர்வதே அபூர்வமாயிருந்த அந்நாளில் இது எத்தகைய செய்தியென்பதை நேயர்கள் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அவர்தாம் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவரது ஜீவிய சரித்திரத்தை இன்று கூறப் புகுகிறோம். அவர் காங்கிரஸ்காரர் அல்லர். சிறை சென்றவர் அல்லர். காந்தியடிகளுடன் ஒரு பெரிய விஷயத்தில் வெளிப்படையாக மாறுபட்டவர். ஆயினும் அந்நியரின் பணத்தையும் யோசனையையும் அனுமதியையும் எதிர்பார்த்திருந்த ஒரு ஜன சமூகத்தைத் தன் காலில் நிற்கும்படி செய்த வேலை இருக்கிறதே, அது சுயராஜ்ய வேலையே என்பது எமது துணிபு.

அசரியா 1874-ம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் ஹிந்துக் குடும்பத்தில் தோன்றிக் கிறிஸ்தவரானவர். கிராமத்துச் சபையின் குரு. குடும்பம் நாடார் சமூகத்தைச் சேர்ந்தது. அந்நாளில் அச்சமூகத்தாருக்கு ஆலய வாசல்கள் அடைபட்டிருந்தன என்பதையும், அவ்வழக்குக் காரணமாகவே 1899-ல் சிவகாசிக் கலவரம் மூண்டது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். பின்னாளில் மாலரும் மாதிகரும் வாழும் சேரிகளில் அவர் காட்டிய பரிவுக்கு வேர் எங்கேயிருந்தது என்று தேடுவோர் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பதினைந்து வயதிலேயே தந்தையை இழந்தார். தாயின் கண்டிப்பிலே வளர்ந்தார். திருநெல்வேலியில் படித்த பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் கணிதம் பயின்றார். ஆனால் பட்டம் பெறவில்லை. 1895 முதல் 1909 வரை வாலிபக் கிறிஸ்தவர் சங்கத்தின் காரியதரிசியாக இருந்து தென்னாடெங்கும் சுற்றினார். 1898-ல் அன்பு மாரியம்மாளை மணந்தார். கலாசாலைப் படிப்புப் படித்த பெண் என்றால் ஊரே திரும்பிப் பார்த்த காலம் அது. அவ்வம்மையார் அத்தகைய படிப்புப் படித்தவர். வரதட்சிணை வாங்காத விவாகம் என்பதும் அக்காலத்திற்குப் புதுமையே.

அவருடைய வாழ்க்கை திரும்பிய இடம் யாழ்ப்பாணம். 1902-ல் அங்கே சென்றபோது, அவ்வூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைப்பொருளைச் சேர்த்துக் கடல் கடந்து இந்தியாவுக்கு ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். சிறிய தீபகற்பத்தினர் செய்யும் காரியம் இது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களோ எண்ணிக்கையில் பெரியவர்கள். தலைமுறை தலைமுறையாகச் சபையில் இருப்பவர்கள். படித்தவர்களும் வியாபாரிகளும் அவர்களில் ஏராளம். இருந்தும் பிறர் அனுப்பும் மிஷனரிகளை வரவேற்று உபசரித்ததோடு அவர்கள் கடமை முடிந்துபோயிற்று. இந்த வெட்கம் அவரைச் சுட்டது. மறு வருஷமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. ஆட்களும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது. சீமையிலிருந்து ஒரு காசும் வாங்குவதில்லை என்பதே அதன் மூல விதி.

வங்காளப் பிரிவினை கிளப்பிய சுதேசி முழக்கம் அப்பொழுது இன்னும் எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது எழுந்த வருஷமாகிய 1905-ல், டிசம்பர் 25-ந் தேதி, வங்காளத்துச் சேராம்பூரில் அசரியாவும் சேலத்துக் கே. டி. பாலும் பல மாகாணத்துக் கிறிஸ்தவர்களோடு கூடித் தேசிய மிஷனரிச் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். அந்நியத் துணியைத் தேசம் எரித்துக்கொண்டிருந்தபோது, அந்நியப் பணம் வேண்டாமென்று இவர்கள் தீர்மானித்தார்கள். இரண்டுக்கும் ஒரே காற்று வீசியது என்று சொன்னால் மிகையாகாது.

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்துகொண்ட வயல் நைஜாம் சமஸ்தானத்தின் கிழக்குப் பகுதி. அங்கே பேசுவது தெலுங்கு. 1904-ல் முதல் ஊழியர் அனுப்பப்பட்டார். சங்கத்தை நடத்தும் காரியதரிசி ஊரில் உட்கார்ந்துகொண்டு பிறரைக் காட்டுக்கு அனுப்புவது தகுமோ என்ற கேள்வி அசரியாவின் மனத்தை உறுத்தியிருக்க வேண்டும். 1909-ல் உத்தியோகத்தை விட்டுக் குருப்பட்டம் பெற்று டோர்னக்கலுக்கே குடியேறினார். அது இன்று தெலங்கானா மாநிலத்தில் மகபூபாபாத் ஜில்லாவில் உள்ள ஒரு ரயில் ஜங்ஷன். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்கத் தொடங்கினார். அந்நிய மிஷனரிகளின் குறைகளை நன்கறிந்தவர், தாமே ஓர் அந்நிய பாஷைக்காரராக, கிராமத்துக் கூலியாளிடம் பேச்சுப் பழகும் நிலைக்கு வந்தார். இந்த அனுபவம் அவருக்குப் பெரிய லாபமாயிற்று என்பது எமது அபிப்பிராயம்.

அடுத்த வருஷம், 1910-ல், ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் உலக மிஷனரி மகாநாடு கூடிற்று. சுமார் 1,200 பிரதிநிதிகள். அவர்களில் ஆசியாக் கண்டத்தார் இருபது பேருக்கும் குறைவு. அசரியாவைப் பேச அழைத்தார்கள். அந்நிய ஊழியர்களும் சுதேச ஊழியர்களும் ஒத்துழைப்பது எப்படி என்பது விஷயம். உபசார வார்த்தைகளை எதிர்பார்த்திருந்த சபையில் அவர் உள்ளதை உள்ளபடி எடுத்துரைத்தார். வெள்ளை மிஷனரிக்கும் இந்திய ஊழியனுக்கும் நடுவே உள்ள உறவு எஜமானுக்கும் கூலியாளுக்கும் உள்ள உறவாகவே இருக்கிறது என்றார். பல வருஷம் சேர்ந்து வேலை செய்தும் ஒருவரையொருவர் வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்து உண்பிக்காத அவலத்தைச் சொன்னார். மிஷனரிகளின் தியாகத்தை இந்தியத் திருச்சபை என்றென்றும் நன்றியுடன் நினைக்கும் என்பதையும் அவர் மறுக்கவில்லை. கொடைகளையெல்லாம் கொடுத்துவிட்டீர்கள், சிநேகத்தை மட்டும் கொடுக்க மறந்துவிட்டீர்கள், அதையே கேட்கிறோம் என்ற கருத்தோடு முடித்தார். மண்டபத்தில் சங்கடமான அமைதி நிலவியது. சிலருக்குக் கோபம் வந்தது. தமது சபைக்குப் பணமும் பட்டமும் தரும் கூட்டத்தாரின் முன்னிலையில், அவர்கள் ஊரிலேயே நின்றுகொண்டு, இதைச் சொல்ல எத்தனை துணிவு வேண்டும்! இன்று அம்மகாநாட்டைப்பற்றி எழுதுவோர் வேறெதை மறந்தாலும் அந்தப் பிரசங்கத்தை மறப்பதில்லை.

இப்படிப் பேசியவரை இரண்டு வருஷத்தில் அத்தியட்சராக்கினார்கள் என்றால், அதற்கு முக்கியக் காரணர் சென்னை அத்தியட்சர் ஹென்றி வைட்ஹெட். அவர் ஆங்கிலேயர், ஆனால் நியாயவான். எதிர்ப்பு நாலா பக்கமும் கிளம்பிற்று. இந்தியனுக்குக் கீழே ஆங்கிலேயக் குரு எப்படி ஊழியம் செய்வான் என்று வெள்ளையர் கேட்டதில் ஆச்சரியமில்லை. நம்மவரிலேயே, அதுவும் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களிலேயே, இவர் இன்ன ஜாதி என்று சொல்லி எதிர்த்தவர்கள் இருந்தார்கள் என்பதே வருந்தத்தக்கது. ஞானஸ்நானத் தண்ணீரால் பல அழுக்குகள் போகலாம். இந்த அழுக்கு அதற்கும் மிஞ்சியது போலும்.

டோர்னக்கல் அத்தியட்சாதீனம் ஆரம்பத்தில் மிகவும் சிறியது. பரீட்சைக்காகக் கொடுத்த சின்னப் பதவி என்று சிலர் நினைத்திருக்கலாம். 1920-க்குப் பிறகு கிருஷ்ணா நதிப் பிரதேசத்துத் தெலுங்கு மிஷன்களும் அதனோடு சேர்க்கப்பட்டன. ஆங்கிலேயக் குருமார் பலர் அசரியாவின் அதிகாரத்துக்குள் வந்தார்கள். உலகம் இடிந்து விழுந்துவிடவில்லை. அவர்களில் அநேகர் அவரை மதித்து நேசித்து வேலை செய்தார்கள்.

எண்ணிக்கை பெருகிய வேகம்தான் அவருக்கு உண்மையான சோதனை. தெலுங்கு நாட்டில் மாலர்களும் மாதிகர்களும் கிராமம் கிராமமாகத் திருச்சபையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். 1930-களின் நடுவில் அவர் மேய்த்த மந்தை இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டது. இவர்கள் யார்? பண்ணைக் கூலிகள், தோல் வேலை செய்வோர், ஊர்ப் பொதுக் கிணற்றை நெருங்கக் கூடாதவர்கள், கடனில் பிறந்து கடனில் மடிபவர்கள். அதோடு மாலருக்கு மாதிகர் ஆகாது, மாதிகருக்கு மாலர் ஆகாது. மேலேயிருப்பவன் தன்னை மிதித்தால் கீழேயிருப்பவனைத் தான் மிதிக்க வேண்டுமென்ற பாடத்தை நம் சமூகம் எல்லாருக்கும் கற்பித்திருக்கிறதல்லவா? இரு சாராரையும் ஒரே கோவிலில் உட்காரவைத்து, ஒரே பாத்திரத்தில் நற்கருணை பருகச் செய்வது ஒரு நாள் வேலையன்று.

அவர் மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சென்றார். வருஷத்தில் பெரும் பகுதி அதிலேயே கழிந்தது. அழுக்கு, வியாதி, கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பேய்கள் என்று பெயரிட்டு அவற்றை ஓட்டும்படி ஜனங்களுக்குப் போதித்தார். இந்தப் போதனையில் வேதாந்தம் ஒன்றும் இல்லை. ஆனால் சாராயக் கடைக்கும் லேவாதேவிக்காரனுக்கும் போகும் காசு வீட்டில் நின்றால் என்ன ஆகும் என்பதைச் சேரிவாசி அறிவான். வேதபாடத்தோடு எழுத்தும் கணக்கும் கற்பிக்கக் கிராம உபாத்தியாயர்களை நியமித்தார். நூற்றுக்கணக்கான சுதேசக் குருமாரைப் பயிற்றினார். அவர்களில் பலர் அதே சேரிகளில் பிறந்தவர்கள்.

இவற்றையெல்லாம்விட எமக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. ஏழையிடம் கொடுக்கும்படி கேட்டார். கேட்போர் முதலில் திடுக்கிடலாம். அரை வயிற்றுக் கஞ்சி குடிப்பவனிடம் காணிக்கையா? பிச்சை வாங்கியே பழகியவன் ஒருநாளும் நிமிர்ந்து நிற்கமாட்டான் என்று அசரியா கண்டிருந்தார். சமைக்கும்போது ஒரு பிடி அரிசி, அறுவடையில் ஒரு மரக்கால் தானியம், ஒரு கோழி, சில முட்டைகள் என்று அவரவர் இயன்றதைக் கொண்டுவந்து வைத்தார்கள். கிறிஸ்தவர் கொடுக்கவேண்டிய முறைபற்றித் தனி நூலே எழுதினார். சபையில் உறுதிப்படுத்தப்பட வந்த ஒவ்வொருவரையும் தன் கையைத் தன் தலைமேல் வைத்துக்கொள்ளச் சொல்லி, தான் பெற்றதைப் பிறருக்கு அறிவிக்காவிட்டால் தனக்கு ஐயோ என்று பிரதிக்கினை செய்ய வைத்தார். சம்பளம் வாங்கும் பிரசங்கிகள்தாம் போதிக்க வேண்டும், மற்றவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற பழைய ஏற்பாடு அங்கே செல்லவில்லை. எழுத்தறியாத மாதிகப் பெண்ணும் போதகி. நேற்றுவரை தெருவில் நடக்கவும் அனுமதி வேண்டியவள் அவள்.

அவர் கட்டிய பேராலயத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. விக்டோரியா காலத்து ஆங்கிலேயக் கோவில்களைப்போல ஊசிக் கோபுரமும் சிவப்புச் செங்கலுமாக அவர் கட்டவில்லை. ஹிந்து மண்டபத்துத் தூண்களும் முஸ்லிம் கட்டடங்களின் குவிமாடங்களும் கலந்து, தாமரையும் சிலுவையும் அருகருகே செதுக்கப்பட்டு எழுந்தது அது. பணமில்லாமல் பல வருஷம் வேலை நின்று நின்று நடந்தது. 1939 ஜனவரி 6-ந் தேதி பிரதிஷ்டையாயிற்று. ஆனால் உள்ளே நடக்கும் ஆராதனையில் ஆங்கிலிக்கன் ஜெபப் புஸ்தகத்தின் ஒழுங்கை அவர் விடவில்லை. காவி உடுத்த கிறிஸ்தவ சாதுக்களின் வழியும் அவருக்குப் பிடிக்கவில்லை. அத்தியட்சருக்குரிய அதிகாரத்தையும் தளர்த்தமாட்டார். ஒழுங்கு மீறிய ஊழியரிடம் கண்டிப்பாகவே இருந்தார். தந்தையைப்போல் ஆண்டார் என்று சிலர் புகழ்வார்கள். அதையே குறையாகச் சொன்னவர்களும் உண்டு. இரு சாராரும் ஒரே மனிதரைத்தான் கண்டார்கள்.

இனி, கசப்பான விஷயத்துக்கு வருவோம். 1930-களில் அம்பேத்கர் தாம் ஹிந்துவாக மரிக்கமாட்டேன் என்ற கருத்தை 1935-ல் வெளியிட்ட பிறகு, தாழ்த்தப்பட்டோர் எம்மதத்தைத் தழுவுவார்கள் என்பதே தேசத்தில் பெரும் விவாதமாயிற்று. வறுமையிலும் அறியாமையிலும் உள்ளவர்களைக் கூட்டம் கூட்டமாக மதம் மாற்றுவது ஆத்ம காரியமாகாது என்று காந்தியடிகள் கருதினார். ஹரிஜன சேவையோடு கிறிஸ்தவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டுமென்றும் விரும்பினார். அசரியா இதற்கு இணங்கவில்லை. தாழ்த்தப்பட்டவனுக்கும் அறிவும் மனசாட்சியும் உண்டு, தன் மதத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை அவனுக்கு ஏன் இல்லை என்பது அவர் வாதம். மகாத்மாவை மறுத்துப் பேசியதால் தேசாபிமானிகள் பலர் அவர்மீது மனக்கசப்புக் கொண்டார்கள்.

இவ்விவாதத்தில் தீர்ப்புக் கூற நாம் துணியவில்லை. மனிதரின் தொகையை ஓட்டுக்களாக எண்ணிக் கொண்டிருந்த காலத்தில், மத மாற்றத்தைப் பற்றிக் காந்தியடிகள் கொண்ட அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் எம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் சேரிகளுக்கு அசரியாவின் மாட்டு வண்டி போவதற்கு முன்னால் நம்மில் எத்தனை பேருடைய வண்டி போயிற்று? கிணறும் பள்ளிக்கூடமும் இல்லாமல் நூற்றாண்டுகள் கழிந்தபோது மௌனமாயிருந்தவர்கள், ஒருவர் அங்கே சென்று பேசியவுடன் விழித்துக்கொண்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியுமா?

ஓட்டுக்களைப்பற்றிச் சொன்னோம். அதில் அசரியா நடந்துகொண்ட விதத்தை அவர்மீது குறை கூறியோர் அடியோடு மறந்துவிட்டார்கள். 1932-ல் பிரிட்டிஷ் சர்க்கார் வகுப்புத் தீர்ப்பை வெளியிட்டு, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் தனித் தொகுதி அளித்தனர். பதவியும் செல்வாக்கும் தானே வந்து வாசலில் நின்றன. வேண்டுமென்ற கிறிஸ்தவத் தலைவர்களும் இருந்தார்கள். அசரியா எதிர்த்தார். மத விசுவாசத்தினால் கூடிய சபையை அரசியல் கட்சியாக மாற்றுவதற்கு அதைவிடக் குறுக்கு வழியில்லை என்றும், அயலானிடமிருந்து கிறிஸ்தவனைப் பிரிப்பது சபைக்கே கேடு என்றும் அவர் கருதினார். இரண்டு லட்சம் பேரை உடையவர், அத்தொகையைக் காட்டி ஒன்றும் கேட்கவில்லை. கே. டி. பாலும் வட்டமேஜை மகாநாட்டில் தனித் தொகுதி வேண்டாமென்ற கட்சியையே பேசியிருந்தார், 1931-ல் காலமானார்.

மற்றொரு பெரிய முயற்சி அவருடைய வாழ்நாளின் பாதியை எடுத்துக்கொண்டது. தெலுங்கு நாட்டுக் குக்கிராமத்தில் ஒருவன் ஆங்கிலிக்கன், அடுத்த கிராமத்தில் ஒருவன் பாப்டிஸ்ட், மற்றொருவன் வெஸ்லியன். ஏன் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. இங்கிலாந்திலே என்றோ அரசரும் குருமாரும் போட்ட சண்டைகளின் மிச்சம் அது; கப்பலில் வந்து நம் புளியமரத்தடியில் இறங்கிற்று. 1919 மே மாதம் முதல் இரண்டு தேதிகளில், ஸீகன்பால்கு 1706-ல் வந்திறங்கிய அதே தரங்கம்பாடியில், 33 ஊழியர்கள் கூடினார்கள். இருவர் தவிர மற்றையோர் எல்லாரும் இந்தியர்கள். தலைமை வகித்தவர் அசரியா. இப்பிரிவினைகள் நாம் உண்டாக்கியவையல்ல, வெளியிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டவை என்ற கருத்தை அவர்கள் அறிக்கையாக வெளியிட்டார்கள். சபைகளை ஒன்றாக்கும் பேச்சு அங்கே தொடங்கிற்று.

பேச்சு எளிது, காரியம் முடிய இருபத்தெட்டு வருஷம் பிடித்தது. அத்தியட்சர் அபிஷேகம் செய்த குருவின் கைதான் செல்லுமா, மற்றவர் கையும் செல்லுமா என்ற வழக்கே பெரும் இடையூறு. ஆங்கிலிக்கன் சபையில் உயர்குலாபிமானம் போன்ற ஒரு பிடிவாதம் இதில் இருந்தது. 1927-ல் லோஸான் மகாநாட்டிலும், பின்னர் கூடிய கூட்டங்களிலும், அசரியா சலிக்காமல் வாதாடினார். பிரிவினை உங்களுக்குப் பழைய சரித்திரமாயிருக்கலாம், எங்களுக்கோ உயிர்ப்பிரச்சினை என்பதே அவர் அவ்விடங்களில் வற்புறுத்திய கருத்து.

1945-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி, டோர்னக்கலில் காய்ச்சலால் அவர் காலமானார். அவருக்கு வயது எழுபது. பேராலயத்தின் அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். 1912-ல் அவர் அபிஷேகம் பெற்றபோது, இனி இந்திய அத்தியட்சர்கள் வரிசையாக வருவார்கள் என்று பலர் நம்பினார்கள். முப்பத்திரண்டு வருஷம் கழிந்து அவர் கண் மூடும்வரையில், இந்தியாவின் ஆங்கிலிக்கன் சபையில் தனி அத்தியட்சாதீனம் ஒன்றை முழுப் பொறுப்புடன் ஆண்ட இந்தியர் அவர் ஒருவரே. உதவி அத்தியட்சர்களாகச் சிலர் அமர்ந்ததுண்டு, அவ்வளவுதான். வெள்ளையர் ஆதிக்கம் செயலகத்தில் மட்டும் குடியிருக்கவில்லை.

அவர் மறைந்த அதே வருஷத்தில் ஆங்கிலிக்கன் சபையின் பொதுச் சங்கம் ஐக்கியத்துக்குச் சம்மதம் அளித்தது. தேசம் விடுதலை பெற்று ஆறு வாரத்தில், 1947 செப்டம்பர் 27-ந் தேதி, சென்னை ஸெயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் கூடித் தென்னிந்தியத் திருச்சபையாயின. டோர்னக்கல் அத்தியட்சாதீனமும் அதில் சேர்ந்தது. சபைகளின் பிரதிநிதிகள் வரிசையாக நடந்துவந்து கையெழுத்திட்ட அந்த மண்டபத்தில், தரங்கம்பாடியில் முதல் அறிக்கைக்குத் தலைமை தாங்கியவர் இல்லை.